நம்ம ஊருக்கு என்ன வருது? மதில் எழும்பும் முன்பே கேட்போம்!

(ஆர்ப்பாட்ட ஆயத்தக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

 

சாயங்காலப் பால் கறக்கிற நேரம். அதனால் பேச்சை நீட்டவில்லை. நம்ம நிலத்துக்குப் பக்கத்தில் என்ன கம்பெனி வரப்போகுது என்பது புரோக்கருக்குத் தெரிகிறது, டீக்கடைக்குத் தெரிகிறது, ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. வரப்பில் நிற்கிற நமக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

மேலூர்ப் பக்கம் என்ன நடந்தது? 2024 நவம்பரில் ஏல முடிவு வெளியான பிறகுதான் அரிட்டாபட்டி சனங்களுக்கு, தங்கள் காலடி மண் டங்ஸ்டன் சுரங்கத்துக்குப் போய்விட்டது என்றே தெரிந்தது. கிட்டத்தட்ட 5000 ஏக்கர்! 2022ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த இடமும் அதற்குள் அடக்கம். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரி 7ஆம் தேதி மதுரைக்கு நடந்தே போனார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய வெற்றிதான். ஆனால் ஒரு சின்ன ஆலைக்கு எதிராக அவ்வளவு கூட்டம் சேருமா? சேராது. அங்கே முன்கூட்டித் தெரிந்துகொள்வது ஒன்றுதான் நமக்குப் பலம்.

நம்ம கிழக்குக் காட்டு டயர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாந்தோப்பு போடப்போகிறோம் என்று சொல்லித்தான் ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கராக வாங்கினார்கள். நாங்களும் நம்பினோம். நம்பினதோடு விட்டோமா, ரெண்டு பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கிறோம். சங்கத்தின் பேரில் அந்தத் தப்பை இங்கே ஒத்துக்கொள்கிறோம். போர் போட்டார்கள், தோப்புக்குத் தண்ணி என்றோம். மதில் கட்டினார்கள், ஆடுமாடு நுழையாமல் இருக்க என்றோம். புகைக்குழாய் நட்ட அன்றைக்குத்தான் முழித்தோம். இன்றைக்குக் கொடியில் காயப்போட்ட வேட்டி கரியாகிறது. பிறகு விசாரித்தால், மதில் எழும்புவதற்கு ஒன்பது மாதம் முன்பே அதற்கான மனு ஆபீசில் இருந்திருக்கிறது. மறைத்தார்கள் என்று ஏசுகிறோம், சரிதான். நாம போய்க் கேட்டோமா?

இப்போ வடக்குக் காட்டுக்கு வருவோம். புதுசாகக் கல் நட்டிருக்கிறார்கள், மண் பரிசோதனைக்குத் துளை போட்டிருக்கிறார்கள். கேட்டால் "கோழிப்பண்ணை" என்கிறார்கள். இந்தத் தடவை வாய்ப்பேச்சை நம்பப் போவதில்லை.

முதலில் சர்வே எண் வேணும். அது இல்லாமல் எந்த ஆபீசுக்குப் போனாலும் "எந்த இடம்யா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண் கிடைத்தால் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், யார் பெயருக்குக் கிரயம் ஆகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்துப் பத்திரமும் ஒரே பெயருக்குப் போயிருந்தால் அது தோப்பு வைக்கிற கை இல்லை.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டம். 2005ல் வந்த சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். மாசு உண்டாக்கும் ஆலை என்றால் பொதுவாகக் கட்டுவதற்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இசைவாணை வாங்கணும், ஓட்டுவதற்கு முன்பு இன்னொன்று வாங்கணும். ஆகவே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இன்ன சர்வே எண்களுக்கு வந்த விண்ணப்பத்தின் நகல் கொடுங்கள், கோப்பை நேரில் பார்க்க விடுங்கள்" என்று கேளுங்கள். 30 நாளைக்குள் பதில் வரணும். வரவில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் 30 நாள்தான் கெடு. அதைத் தவற விட்டுவிடாதீர்கள்.

பெரிய திட்டமாக இருந்தால் 2006 அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. 30 நாள் முன்னதாகத் தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வரணும். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் நம்ம பார்வைக்கு இருக்கணும். கூட்டத்தன்று பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒன்றும் புரியாது, முன்பே படித்துவிட்டுப் போகணும். சின்ன ஆலைக்கு இந்தக் கூட்டமே கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய தொழிற்பேட்டைக்குள்ளே வருகிற ஆலைக்கும் தனியாகக் கிடையாது. ஆகவே பேட்டை வரும்போதே கேள்வி கேட்டால்தான் உண்டு.

அக்டோபர் 2 கிராமசபையில் இதைப் பொருளாக வைக்கச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்தாகிவிட்டது. அன்றைக்குப் பெண்கள் கட்டாயம் வரணும், தண்ணிக் குடம் சுமப்பவர்கள் நீங்கள்தான்.

வடக்குக் காட்டில் பட்டா உள்ளவர்கள் இப்போதே மேடைப்பக்கம் வந்து பக்கத்துச் சர்வே எண்களைச் சொல்லிவிட்டுப் போங்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறோம். தகவல் மனுவில் கையெழுத்துப் போட பத்துப் பேர் வேணும். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம், அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்தே போய் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வருவோம். வேன் 8 மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பும்.