வாய்க்காலும் வழக்கும்

உள்ளாட்சியின் சட்டக் கடமைகளைப் பேச மேலப்பாளையத்தைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. தாமிரபரணியில் பிரியும் பாளையங்கால்வாய் இவ்வூர் வழியாகத்தான் போகிறது. காருக்கும் பிசானத்துக்கும் வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரில் வீட்டுச் சாக்கடை கலக்கிறது. அமலைச்செடி மண்டி, பிளாஸ்டிக் பைகள் சிக்கி, மடையில் தண்ணீர் கறுத்து நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் உள்ளாட்சிகள் எங்கும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நிதி இல்லை. அந்தப் பதில் சட்டத்தின் முன் செல்லாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில், திறந்த சாக்கடையாலும் சாராய ஆலைக் கழிவாலும் நொந்துபோன ஒரு தெருக்காரர்கள் சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். குற்ற நடைமுறைச் சட்டம் 133-ஆவது பிரிவின்படி அவர் நகராட்சிக்கு ஆணையிட்டார். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விடவில்லை. சாக்கடை கட்டுவதும் கழிப்பிடம் அமைப்பதும் நகராட்சியின் அடிப்படைக் கடமை, பணமில்லை என்று அதிலிருந்து நழுவ முடியாது என்றார்.

இழப்பீட்டு வழக்குகளின் வரலாறு வேறு. 1951-இல் டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு சரிந்து உயிர்கள் போயின. கட்டடத்துக்கு வயது 80. அதில் பூசிய சாந்தின் தரத்துக்கு 40, 45 ஆண்டுதான் அது நிற்கும். 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே பொறுப்பு என்றது. ஆனால் 1997-இல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு அதே நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. இரண்டே ஆண்டில், டெல்லியில் பட்டையும் இலையும் போய்க் காய்ந்து நின்ற மரத்தின் கிளை விழுந்த வழக்கில் மாநகராட்சி பொறுப்பாளியானது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தா என்பதுதான் வேறுபாடு. அப்படியானால் மரங்களைப் பார்க்கவே போகாத நகராட்சி தப்பித்துக்கொள்ளுமா? ராஜ்கோட் தீர்ப்பில் எனக்கு இந்தக் குறை தீரவில்லை. இங்கிலாந்திலும் சாலையைப் பழுதுபார்க்காமலே விட்டால் பொறுப்பில்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது.

பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்றும், 2023-இல் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. அந்தக் குடும்பங்களுக்கு அது சேர வேண்டிய பணம், ஒரு நாளும் தாமதிக்காமல் சேர வேண்டும். ஆனால் ஊர் வரியிலிருந்து இழப்பீடு கொடுப்பதால், மனிதனை உள்ளே இறக்கிவிட்டவருக்கு எதுவும் உறைப்பதில்லை. உயிர் போகும் முன்பே கடமையைச் செய்ய வைக்கும் தீர்ப்புகளைத்தான் நாம் அதிகம் படிக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஆற்றிலேயே அது நடக்கிறது. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே திருநெல்வேலிக்கு வந்து பார்வையிட்டார்கள். பெரிய காரியம்தான். ஆனால் ஒவ்வொரு தெருச் சாக்கடைக்கும் மதுரைக்குப் பஸ் ஏற முடியுமா? ரத்லம்காரர்கள் பயன்படுத்திய அதே அதிகாரம், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவாக நிற்கிறது. சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டான கோட்டாட்சியருக்கு ஒரு மனு போதும். தகவல் கிடைத்தாலே அவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு எட்டக்கூடிய சட்டம் இது. நம் வழக்கறிஞர்களே இதை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். தீர்ப்பின் வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆணை வந்தபின் சாக்கடை கட்டினார்களா, எத்தனை காலம் இழுத்தார்கள், யார் கேட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வு பாளையங்கால்வாயைப் பற்றியது. கால்வாய்க்கரைக் குடியிருப்பாளர்களும் பாசன விவசாயிகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். கட்டுரையாளர்களுக்கு முன்னால் அவர்கள் பேசட்டும்.