நம்ம கம்ப்யூட்டரில் நம்ம செய்தி
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது தமிழ்நாட்டு பஸ் எல்லாம் ஜூஜூவாடியோடு நின்றது ஞாபகமிருக்கும். அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிற நம்ம குழுப் பெண்கள், வாட்ஸ்அப்பில் வந்ததில் எது நிஜம், எது புரளின்னு தெரியாமல் தவிச்சாங்க.

அதை மனசில் வைத்துத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஃபிரெஷ் ஆர்எஸ்எஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறோம். செய்தித் தளங்கள் 'ஃபீடு' என்று ஒரு பட்டியல் வெளியிடும். நாம் சொல்லிவைத்த தளங்களுக்கு மட்டும் இதுவே போய், அந்தப் பட்டியலிலிருந்து புதுத் தலைப்புகளை எடுத்துவந்து அடுக்கும். பிபிசி தமிழ், தி இந்து சேர்த்தாச்சு. யாரும் இதுக்குள்ளே 'ஃபார்வேர்டு' பண்ண முடியாது.

முதலில் எக்ஸாம்ப் போட்டு, அதுக்குள்ளே இதை வைத்தோம். டேட்டாபேஸ் எதுன்னு கேட்டதுக்கு எஸ்க்யூலைட் கொடுத்தோம், அதுவே போதும். தானாகப் புதுப்பிக்க நேரம் குறிக்க மறந்துட்டு, இரண்டு நாள் பழைய செய்தியையே படித்தது தனிக்கதை!

இணையத்தில் இதே வேலையைச் செய்துவந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ல் மூடிட்டாங்க. நம்பியிருந்தவங்க வேறு இடம் தேடினாங்க. இது பீரோவில் இருக்கிற தீர்மான நோட்டு மாதிரி, நம்ம கையில் இருக்கு. நெட் போனாலும் ஏற்கனவே வந்த தலைப்புகளைப் படிக்கலாம்.

கன்னடம், தெலுங்கு படிக்கிறவங்க, எந்தத் தளம் வேணும்னு அடுத்த கூட்டத்துக்குள் ஊக்குநரிடம் எழுதிக் கொடுங்க.