உறவு காட்டும் பெயர்
ஆஸ்திரேலியத் தாவரவியல் அறிஞர் லாரி ஜான்சனின் ஆய்வுகள் குறித்த உரை



பனையையும் தென்னையையும் மரம் என்று சொல்வதே உலக வழக்கு. தொல்காப்பிய மரபியலோ வயிரத்தைப் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பகுத்தது. அவ்வழி நோக்கினால் வானளாவி நிற்கும் பனையும் புல்லின் வகையாகிவிடுகிறது. உயரத்தை விடுத்து உள்ளமைப்பைக் கண்ட பார்வை அது. ஓர் உயிரை எந்த அடையாளத்தைக் கொண்டு இன்ன இனம் எனத் துணிவது? அக்கேள்வியோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலிய அறிஞரின் பணியை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

லாரன்ஸ் அலெக்சாண்டர் சிட்னி ஜான்சன் என்பது அவருடைய முழுப்பெயர். லாரி ஜான்சன் என்பது வழங்குபெயர். 1925இல் சிட்னியில் பிறந்தார். 1948இல் அந்நகரின் அரச தாவரவியல் பூங்காவில் பணியேற்றார். 1972 முதல் 1985 வரை அதன் இயக்குநராக விளங்கி, 1997இல் மறைந்தார். அப்பூங்காவில் உலர்தாவரத் தொகுப்பகம் ஒன்று உண்டு. காட்டிலிருந்து கொணர்ந்த கிளையையும் பூவையும் காயையும் அழுத்தி உலர்த்தித் தாளில் பதித்து, கண்ட இடமும் நாளும் குறித்து அடுக்கிவைக்கும் இடம் அது. பிறர் கண்ணுக்குச் சருகாகத் தோன்றும் அத்தாள்கள் ஜான்சனுக்கு ஓலைச்சுவடிகளாயின. ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் பதிப்பாசிரியர்போல, அவர் தாளோடு தாளை ஒப்பிட்டுத் தாவரக் குலங்களின் வரலாற்றைத் தேடினார்.

சவுக்கு உணர்த்தும் பாடம்

தமிழகக் கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக நிற்கும் சவுக்கை அறியாதார் இல்லை. தென்கிழக்கு ஆசியா முதல் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் வரை அதன் தாயகம் பரந்துள்ளது. அதில் இலை என்று தோன்றும் ஊசிகள் இலைகள் அல்ல; கணுக்கணுவாக அமைந்த மெல்லிய குச்சிகள். உண்மையான இலைகளோ ஒவ்வொரு கணுவிலும் வளையமாக நிற்கும் நுண்ணிய பற்களாகச் சுருங்கிவிட்டன. பூவும் அவ்வாறே. ஆண்பூவில் இருப்பது ஒரே ஒரு மகரந்தத்தாள். கண்ணைக் கவரும் இதழ் எதுவும் இல்லை.

இவ்வளவு எளிய பூவைக் கண்ட செருமானிய அறிஞர் எங்ளர், இதுவே மிகத் தொன்மையானது என எண்ணி, தம் வகைப்பாட்டில் இருவித்திலைத் தாவரங்களின் வரிசைக்குச் சவுக்குக் குடும்பத்தையே முதலில் நிறுத்தினார். எளியது முந்தியது, சிக்கலானது பிந்தியது என்ற எண்ணத்தின் விளைவு அது. பிற்கால ஆய்வு இதனை மறுத்தது. சவுக்கு தன் மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைத்த மரம். வண்டை அழைக்க வேண்டாதபோது இதழ் எதற்கு? ஆகவே அந்த எளிமை தொடக்கநிலை எளிமை அன்று. உள்ளவற்றைத் துறந்து அடைந்த எளிமை. ஓக், வால்நட் முதலிய மரங்களே சவுக்கின் உறவினர் என்பதை இன்று மரபணு ஆய்வும் உறுதிசெய்கிறது. சொற்சுருக்கத்தோடு பாடும் புலவனைச் சொல்வளம் அறியாதவன் என்று கருதுவது எத்தகைய பிழையோ, அத்தகைய பிழையே எங்ளருடையதும்.

இக்குடும்பம் முழுவதையும் ஒரே பேரினமாகக் கருதுவது நெடுங்கால வழக்காக இருந்தது. ஜான்சன் அதனை நான்காகப் பகுத்தார். குச்சிகளின் பள்ளங்களில் மூச்சுத்துளைகள் மறைந்துள்ளனவா, வெளிப்பட்டுள்ளனவா என்று நோக்கினார். கணுவிலுள்ள பற்களை எண்ணினார். சிறகுடைய கனி மங்கிய வெளிர்நிறமா, பளபளக்கும் செம்பழுப்பும் கருமையுமா என்று கண்டார். 1980இல் ஜிம்னோஸ்டோமா, 1982இல் அல்லோகாசுவரைனா, 1988இல் சியூதோஸ்டோமா ஆகிய பேரினங்கள் அவரால் பெயர்பெற்றன. தமிழகத்துச் சவுக்கு பழைய காசுவரைனாவிலேயே நின்றது.

மொட்டின் மூடி

ஜான்சனின் பெயரோடு பிரிக்க முடியாதது யூகலிப்டஸ் ஆய்வு. 1843 அளவில் நீலகிரிக்கு வந்து, அம்மலையின் பெயரையே தன் தைலத்துக்குப் பெற்றுக்கொண்ட மரத்தின் குலம் இது. 700க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பெருங்குலம். நன்கு மூடப்பட்டது என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து 1788இல் இப்பெயர் அமைந்தது. மொட்டின்மேல் தொப்பிபோல் ஒரு மூடி இருக்கும். பூ மலரும்போது அது கழன்று விழ, மகரந்தத்தாள்கள் குஞ்சமாக விரியும். அங்கோபோரா என்ற நெருங்கிய இனத்துக்கு மூடி இல்லை. தனித்தனி இதழ்களே உண்டு. மூடி உடையது யூகலிப்டஸ், இல்லாதது அங்கோபோரா என்பது எளிய விதி. நெடுங்காலம் அதுவே போதும் என்று தோன்றியது.

ஜான்சனும் லிண்ட்சே பிரையரும் இணைந்து 1971இல் வெளியிட்ட யூகலிப்டஸ் வகைப்பாடு அந்த மூடியை ஐயத்தோடு நோக்கியது. மூடி எல்லா இனங்களிலும் ஒரே உறுப்பிலிருந்து தோன்றவில்லை. சிலவற்றில் அல்லிகள் மட்டும் இணைந்து மூடியாக, புல்லிகள் தனியே நிற்கின்றன. சிலவற்றில் புறமூடி, அகமூடி என இரண்டு உண்டு. சிலவற்றில் ஒன்றே காணப்படுகிறது. வேறுவேறு வழியில் வந்து ஒரே தோற்றம் கொண்டவற்றை, தோற்றம் ஒன்று என்பதற்காக ஒரே தாயின் மக்கள் என்று சொல்லலாமா? குலத்துக்குப் பெயர்தந்த அடையாளமே குல உறவுக்குச் சான்றாகவில்லை என்பதுதான் இங்கே கிடைத்த வியப்பு.

எனினும் அவ்விருவரும் அப்போது அவசரப்படவில்லை. யூகலிப்டஸை ஏழு துணைப் பேரினங்களாகப் பகுத்து, அப்பெயர்களைத் தாவரப் பெயரிடல் விதிகளுக்கு உட்படாத தற்காலிகப் பெயர்களாகவே வைத்தனர். அறிவு முதிரும்வரை பெயர் காத்திருக்கட்டும் என்ற அடக்கம் அதில் புலப்படுகிறது. 24 ஆண்டுகள் கழித்து, 1995இல், தம் எழுபதாம் வயதில் ஜான்சன் கென் ஹில் என்பாருடன் சேர்ந்து கோரிம்பியாவைத் தனிப் பேரினமாக நிறுவினார். 113 சிற்றினங்கள் அதனுள் அடங்கின. எலுமிச்சை மணம் கமழும் தைலமரமும் அவற்றுள் ஒன்று. தமிழில் தைலமரம் என்ற ஒரே பெயரால் வழங்கும் நீலகிரி மரமும் எலுமிச்சை மண மரமும் இதனால் இருவேறு பேரினங்களாயின.

பழகிய பெயரை மாற்றுவது எளிதில் ஏற்கப்படும் செயல் அன்று. வனத்துறையினர், நாற்றங்கால் வைத்திருப்போர், மரவியல் நூல் எழுதுவோர் ஆகிய அனைவரும் பழைய பெயரிலேயே கற்றவர்கள். 2000இல் புரூக்கர் என்ற அறிஞர் கோரிம்பியாவை மட்டுமன்றி அங்கோபோராவையும் யூகலிப்டஸுக்குள்ளேயே சேர்த்து வேறொரு வகைப்பாட்டை வெளியிட்டார். மரபணு ஆய்வுகளோ கோரிம்பியா யூகலிப்டஸைவிட அங்கோபோராவுக்கே நெருங்கியது என்று காட்டின. மூடியுள்ள மரம் மூடியில்லாத மரத்துக்கு உறவாக நின்றது. அங்கோபோராவுக்குத் தனிப்பெயர் உண்டென்றால் கோரிம்பியாவை யூகலிப்டஸ் என்று சொல்ல இயலாது. அன்றி, மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும் உறவு பிழைபடாது. உறவு இயற்கையில் உள்ளது. எல்லைக்கோடு மனிதர் இடுவது. 2024இல் கோரிம்பியாவின் ஒரு பகுதியையும் பிளாகெல்லா என்று தனிப் பேரினமாக்கும் கருத்து வெளிவந்தது. அது 1971ஆம் ஆண்டின் தற்காலிகப் பெயர்களுள் ஒன்றே என்பது எண்ணத்தக்கது.

சிதறிய குடும்பம்

பார்பரா பிரிக்ஸ் என்ற பெண் அறிஞரோடு ஜான்சன் செய்த ஆய்வு இன்னும் விரிந்த களம் உடையது. பேங்க்சியா, கிரெவில்லியா முதலியவற்றை உள்ளடக்கிய புரோட்டியேசியே குடும்பம் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பரவியிருக்கிறது. இடையே பெருங்கடல்கள். 1963இல் ஒன்றும் 1975இல் ஒன்றுமாக இருவரும் வெளியிட்ட கட்டுரைகள் பூவமைப்பு, குரோமோசோம் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு இக்குடும்பத்தின் கிளைவழியை வகுத்தன. 1975ஆம் ஆண்டுக் கட்டுரை குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பங்களாகப் பகுத்து, அதன் பரவலைக் கோண்டுவானா என்னும் பழம்பெரும் நிலப்பரப்பின் பிளவோடு இணைத்து நோக்கியது. நடு இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டால் பெயர்பெற்ற அந்நிலம் உடைந்தபோது குடும்பமும் பிரிந்தது என்பது கருத்து.

பின்வந்தோர் இதனையும் திருத்தினர். 2006இல் துணைக்குடும்பங்களின் எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டன. சில கிளைகளின் பிரிவு, நிலம் பிரிந்த காலத்துக்கு மிகவும் பிந்தியது என்று 2007இல் வந்த காலக்கணிப்புக் காட்டியது. அவை கடல் கடந்தே சென்றிருத்தல் வேண்டும். ஆயினும் திருத்தியவர்கள் நின்று திருத்தியது ஜான்சனும் பிரிக்ஸும் எழுப்பிய மேடைமேல்தான்.

வானவில்லின் அடி

தம் பணி திருத்தப்படும் என்பதை ஜான்சன் அறியாதவர் அல்லர். நியூ சவுத் வேல்ஸ் லின்னேயன் கழகத்தின் தலைமையுரையாக 1968இல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்கு வானவில்லின் முடிவு என்று பொருள்படும் தலைப்பு அமைந்தது. கணிப்பொறி ஆய்வுக்கூடங்களுள் நுழைந்த காலம் அது. எல்லாப் பண்புகளுக்கும் ஒரே மதிப்புத் தந்து எண்ணிக் கூட்டினால், விருப்பு வெறுப்பற்ற சிறந்த வகைப்பாடு தானே கிடைக்கும் என்று சிலர் நம்பினர். ஜான்சன் அதனை வன்மையாக மறுத்தார். எண்ணுவதற்கு முன்னே எதை எண்ணுவது என்று தேர்பவன் மனிதன்தான். எல்லா நோக்கத்துக்கும் ஏற்ற ஒரே வகைப்பாடு என்பது, நெருங்க நெருங்க விலகும் வானவில்லின் அடியைப் போன்றது. அதற்காகத் தேடலை அவர் கைவிடவும் இல்லை. பிரிக்ஸுடன் செய்த ரெஸ்டியோனேசியே குடும்ப ஆய்வு அவர் மறைவுக்குப் பின்னரே முழுமையாக வெளிவந்தது.

2008இல் மக்கடாமியா என்ற பேரினத்திலிருந்து ஐந்து மரவகைகள் பிரிக்கப்பட்டன. வட குவீன்ஸ்லாந்திலும் சுலாவெசித் தீவிலும் வளர்பவை அவை. அப்புதிய பேரினத்துக்கு லாஸ்ஜியா என்று பெயர் வைத்தனர். ஜான்சனுடைய பெயரின் முதலெழுத்துகள் நான்கையும் கோத்து ஆக்கிய சொல் அது. சிலை வைத்தும் அவரைப் போற்றியிருக்கலாம். பழைய பெயரொன்றைத் துணிந்து பிரித்து, உறவைச் சரியாகச் சொல்லும் புதுப்பெயரில் அவரை வைத்ததே பொருத்தமான போற்றுதல். நாளை அப்பெயரும் திருத்தப்படலாம். திருத்துவோர் மீண்டும் அந்த உலர்ந்த தாள்களைத்தான் விரித்துப் பார்ப்பர்.