பாட்டியின் நகைப்பும் பாட்டும்

கொத்மலைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்குப் பின் மகளும் மருமகளும் கூடை சுமந்து கொழுந்தெடுக்கச் சென்றுவிடுவர். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குக் காவலிருந்தவள் பெரும்பாலும் ஒரு பாட்டியே.

தொட்டிலை ஆட்டியவாறே அவள் கங்காணியையும் துரையையும் கேலி செய்து பாட்டுக் கட்டுவாள். குழந்தைகள் கைகொட்டி நகைக்கும். நேரே சொன்னால் வேலை போய்விடும். பாட்டாகச் சொன்னாலோ கங்காணியும் சிரிக்கத்தான் வேண்டும்! எழுத்தறியாதவள் தன் குறையைக் கூறிய வழி அதுவே.

கொத்மலைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாய்மொழியாக வழங்கிவந்த பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கினார். அதன் அருமை பெரிது. ஏனெனில், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் இரு கரைகளிலாயினர். பாட்டி ஒரு கரையிலும் பேரர் மறு கரையிலுமாக, கேட்பாரற்றுப் போன பாடல்கள் எத்தனையோ!

எழுதிவைத்தவை மட்டுமே எஞ்சின. ஆகவே, வீட்டில் பாட்டி இருப்போர் அவளுடைய வேடிக்கைப் பாட்டை இன்றே கேட்டு எழுதிக்கொள்வாராக.