படத்தில் மட்டும் ஓடும் பேருந்துகள்

பழைய ஒளிப்படம் ஒன்றில் நிற்கும் காரையோ பேருந்தையோ பார்த்து, அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, படம் எடுக்கப்பட்ட தெரு எது, ஆண்டு எதுவாக இருக்கலாம் என்று கண்டறியும் வேலையைப் பெங்களூரின் பழம்வண்டி ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கியிருந்தாலும், அதன் முறையில் அது ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டுக்கு எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிக்கும் ஆராய்ச்சிக்கு மிக நெருங்கியதாகும். கல்வெட்டறிஞர் எழுத்தின் சுழியையும் கோட்டையும் பார்ப்பது போலவே, இவர்கள் முகப்பு விளக்கையும் மட்கார்டின் வளைவையும் எஞ்சினுக்கு முன்னால் உள்ள வலைத்தட்டியாகிய கிரில்லையும் பார்க்கின்றனர்.

காரைப் பொறுத்தவரை அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை. முகப்பு விளக்குகள் தனித்தனிக் கிண்ணங்களாக நின்றால் அந்த வடிவமைப்பு பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. அவை மட்கார்டுக்குள் புதைந்திருந்தால் பிந்தியது. கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து கை நீட்டுவது போல வெளியே வரும் திருப்பக் குறியும் பழமையைக் காட்டும். 1957-இல் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றுபோலவே இருந்ததாகப் பலர் எண்ணினாலும், 1960களில் வந்த மார்க் 2-இன் கட்டம் போட்ட கிரில்லைக் கண்டறிந்தவர் அதை முந்தைய வண்டியோடு குழப்புவதில்லை.

ஆயினும் வண்டியின் வயதும் படத்தின் வயதும் வெவ்வேறு. இலக்கிய வரலாற்றில் ஒரு நூலின் காலத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை வகுப்பது போல, இங்கும் இரண்டு எல்லைகள் தேவைப்படுகின்றன. டெல்கோ நிறுவனம் 1954-இல் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய வண்டிகளின் முகப்பில் இருந்த மூன்றுமுனை நட்சத்திரம், அந்தப் படம் 1954-க்கு முன் எடுக்கப்பட்டதன்று என்பதை மட்டும் உறுதி செய்யும். அதே வண்டி இருபது ஆண்டுகள் கழித்தும் ஓடியிருக்கக்கூடும் என்பதால், அடுத்த எல்லையைப் பின்னணியிலுள்ள கட்டடங்களிடமும் பெயர்ப் பலகைகளிடமும்தான் தேட வேண்டும். பெங்களூரின் உயர் நீதிமன்றக் கட்டடமாகிய அட்டாரா கச்சேரிக்கு எதிரே எடுக்கப்பட்ட வேறொரு படத்தில், 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடமாகிய விதான சௌதா நிற்க வேண்டிய இடம் வெறும் திடலாகத் தெரிந்தால், அந்த எல்லை உடனே கிடைத்துவிடுகிறது.

பேருந்து இதைவிடக் கடினமானது. அதனாலேயே ஆர்வத்துக்கு மிகவும் உரியது. கார் தொழிற்சாலையிலிருந்து முழு உருவத்தோடு வெளிவருகிறது. பேருந்தோ எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டமாகிய சேஸியாக வாங்கப்பட்டு, வேறோர் இடத்தில் ‘பாடி கட்டப்படுகிறது’. ஆகவே ஒரே லேலண்ட் சேஸி கரூரில் ஒரு முகமும் பெங்களூரில் வேறொரு முகமும் பெறலாம். இதில் பெங்களூருக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பொறியாளர் சர் விஸ்வேசுவரய்யா 1930களில் முயன்ற கார் தொழிற்சாலை இந்நகரில் கைகூடவில்லை. அதே கனவில் பங்கு கொண்ட தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1940-இல் மைசூர் அரசோடு சேர்ந்து இங்கே இந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார், 1944-இல் பிரீமியர் கார் நிறுவனத்தைப் பம்பாயில் நிறுவினார். போர் முடிந்து விமான வேலை குறைந்தபோது அந்த விமானத் தொழிற்சாலையே ரயில் பெட்டிகளையும் பேருந்து பாடிகளையும் கட்டியது. கார் கட்ட வேண்டுமென்று விரும்பப்பட்ட ஊரில், விமானத் தகட்டைத் தட்டிப் பழகிய கைகள் பேருந்துக்குக் கூரை வேய்ந்த இச்செய்தி நகர வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்பட்ட பெயர் மற்றொரு சான்று. நகருக்குள் ஓடிய வண்டிகளில், 1940-இல் தொடங்கிய பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பெயருக்குப் பின், முதியோர் இன்றும் வாய் தவறிச் சொல்லும் பி.டி.எஸ். (பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்) என்ற பெயர் வந்தது. 1997 ஆகஸ்ட் 15-இல் அது பி.எம்.டி.சி. ஆயிற்று. வெளியூர்ப் பேருந்தில் 1961-இல் அமைந்த மைசூர் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருந்தால், மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறிய 1973 நவம்பர் 1-ஐ ஒட்டியே அப்படத்தின் கீழ் எல்லையை வைக்கலாம். பதிவெண் பலகையும் இவ்வாறே உதவும். எம்.ஒய்., எம்.இ., சி.ஏ. என்று தொடங்கியவை பழைய முறையைச் சேர்ந்தவை, கே.ஏ. என்பது 1989-க்குப் பிந்தியது. பேருந்தின் பின்புறம் கொதிகலன் போன்ற உருளை ஒன்று தொங்கினால் அது போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து உண்டாக்கிய வாயுவால் ஓடிய வண்டி என்பதை, பதிவெண் தெரியாவிட்டாலும் சொல்லிவிடலாம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்பதற்கு விடை, காருக்கும் பேருந்துக்கும் நேர்ந்த வெவ்வேறு கதிகளில் இருக்கிறது. பழைய கார்களுக்குக் கொட்டகையும் அணிவகுப்பும் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ‘பயண’ என்னும் அருங்காட்சியகமே உண்டு. 2021-இல் நடுவண் அரசு வகுத்த விதி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை வழங்கியபோது, சொந்தப் பயன்பாட்டு இருசக்கர வண்டிகளையும் கார்களையும் மட்டுமே கருத்தில் கொண்டது. வாடகைக்கும் கட்டணத்துக்கும் உழைத்த பேருந்துக்கு அதில் இடமில்லை. ஓடி முடித்த பேருந்து ஏலம் போய், தகடு வேறாகவும் இரும்பு வேறாகவும் பிரிந்துவிடுகிறது. பி.டி.எஸ். இரட்டை அடுக்குப் பேருந்தில் மேல்தட்டு முன்னிருக்கைக்கு முந்தியோடிய தலைமுறைக்கு, அந்த வண்டியின் உடலாக எஞ்சியிருப்பது ஒளிப்படம் மட்டுமே.

எனவே படத்தைப் பகிரும் முறையிலும் சில கவனங்கள் வேண்டியிருக்கின்றன. கார் மட்டும் தெரியும்படி ஓரங்களை வெட்டிவிடும் வழக்கம் பெரும் கேடு விளைவிப்பது. வெட்டப்பட்ட ஓரத்தில்தான் கடைப் பலகையும் விளக்குக் கம்பமும் இருந்திருக்கும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படத்தில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்ந்திருப்பதாகத் தோன்றும். கன்னட எழுத்துகள் கண்ணாடியில் கண்டவை போல இடவலம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்காமல் அதை அமெரிக்க இறக்குமதி என்று முடிவு கட்டுவது தவறு. படத்தின் முதுகில் உள்ள ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு ஆகியவற்றையும் படமெடுத்து முன்பக்கத்தோடு சேர்த்துவைப்பது நலம்.

இன்னும் பார்க்கப்படாத படங்கள் பெரும்பாலும் வீடுகளில் இருக்கின்றன. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில், பூச்சரம் கட்டிய காரின் முன் மணமக்கள் நிற்கும் படம் அரிதன்று. காரின் பெயர் எளிதில் தெரிந்துவிடும். மணமகனின் தோளுக்குப் பின்னால், சற்றே கலங்கிய உருவில், ஏதோ ஒரு நிறுத்தத்தை விட்டுப் புறப்படும் பேருந்தின் பாதி முகத்தை உருப்பெருக்கியால் பார்ப்பவர் இனிமேல்தான் வர வேண்டும்.