பாட்டுக்கும் ஒரு பேரேடு

1964-இல் வெளிவந்த ‘புதிய பறவை’ படப் பாட்டொன்றைத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு நிலையத்தில் இருக்கிறது. கணினியோ ‘இல்லை’ என்கிறது. ஏன்? பதிந்தவர் ‘புதியப் பறவை’ என்று ஓர் ஒற்றைக் கூட்டி எழுதிவிட்டார்!

முன்பு நாம் அட்டையைப் பார்த்து இசைத்தட்டை எடுத்தோம். இன்று கணினியே வரிசைப்படி ஒலிபரப்புகிறது. அதற்காக ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடி, படம், ஆண்டு, பாடியவர், இசையமைத்தவர், ஓடும் நேரம் அனைத்தையும் பதிகிறோம்.

கிராணியார் ஒரே ஆளின் பெயரை இரண்டு விதமாக எழுதினால் சம்பளக் கணக்கு என்னாகும்? இங்கும் அப்படித்தான். ‘விஸ்வநாதன்’, ‘விசுவநாதன்’ என்று எழுதினால் கணினிக்கு அவர்கள் இருவர். ஒருவர் இசையையே அடுத்தடுத்துப் போடாதே என்ற கட்டளை அப்போது பலிக்காது. நேரத்தைத் தவறாகப் பதிந்தாலோ, பாட்டு நடுவில் அறுந்துவிடும். அல்லது வானொலி ஊமையாகிவிடும்.

ஆகவே ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறை வேண்டும். புதிதாகச் சேர்க்குமுன் பழையது உண்டா என்று தேட வேண்டும். பேரேட்டின் நகலொன்றை வேறிடத்தில் காக்க வேண்டும். பாட்டியின் பாட்டு தொலையாமலிருப்பது இந்தப் பொறுமையான வேலையால்தான். உங்கள் வீட்டு ஒலிநாடாக்களின் மேலும் இன்றே பெயரெழுதி வையுங்கள்.