எஸ்டோனியாவுக்குப் புறப்படும் முன்



கல்விப் பயணமாக எஸ்டோனியா செல்லவிருக்கும் உங்களிடம் அந்த நாட்டைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கம்பளி உடை எடுத்துக்கொள்வது, சைவ உணவு கிடைக்குமா என்பதையெல்லாம் அடுத்து வருபவர் சொல்வார். மனத்தளவில் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் பற்றி நான் சொல்கிறேன்.

நாம் ஏன் அங்கே போகிறோம்? 2022ஆம் ஆண்டு பீசா தேர்வில் கணிதம், அறிவியல் இரண்டிலும் ஐரோப்பாவிலேயே முதலிடம் பெற்ற நாடு அது. ஆனால் தரவரிசைப் பட்டியலை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பறைக்குள் நுழைந்தால், கணினியும் அழகான மேசை நாற்காலிகளும்தான் நம் கண்ணில் படும். "நம்மிடம் இதெல்லாம் இல்லையே" என்ற பெருமூச்சோடு திரும்பி விடுவோம். அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

முதலில் வரைபடத்தை விரியுங்கள். பால்டிக் கடலோரம், கிழக்கே ரஷ்யா, தெற்கே லாட்வியா, வடக்கே வளைகுடாவுக்கு அப்பால் பின்லாந்து. பரப்பளவு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. டேனியர், ஜெர்மானியர், சுவீடியர், ரஷ்யர் என்று மாறி மாறி ஆண்ட மண் அது. 1918இல் விடுதலை அறிவித்தார்கள். 1940இல் சோவியத் ஒன்றியம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1991 ஆகஸ்ட் 20 அன்று விடுதலையை மீட்டெடுத்தார்கள்.

இத்தனை சிறிய மக்கள் கூட்டம் கரைந்து போகாமல் நின்றது எப்படி? எனக்குத் தெரிந்த விடை, மொழியும் பாட்டும்.

எஸ்டோனிய மொழி பின்னிய மொழிக்கு உறவு; ரஷ்ய மொழியோடோ ஜெர்மன் மொழியோடோ இனத் தொடர்பு இல்லை. தமிழுக்கும் அது உறவில்லை. ஆனாலும் தமிழாசிரியர்கள் அதன் இலக்கணத்தைப் பார்த்தால் மகிழ்வார்கள். 'மயா' என்றால் வீடு. 'மயாஸ்' என்றால் வீட்டில். 'மயாஸ்த்' என்றால் வீட்டிலிருந்து. நம்மைப்போலவே உருபைச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறார்கள். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்குப் பதினான்கு! தார்த்து பல்கலைக்கழகம் தொடங்கியது 1632இல். அங்கே எஸ்டோனிய மொழியில் பாடம் நடந்ததோ 1919இல்தான். தாய்மொழியில் உயர்கல்வி கற்க அவர்கள் காத்திருந்த காலத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பாட்டு. 1869இல் தார்த்து நகரில் முதல் பாடல் விழாவை ஏற்பாடு செய்த யான்சென், பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகை ஆசிரியரானவர். அந்த விழா இன்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தாலின் நகரில் நடக்கிறது. 1988இல் அதே விழாத் திடலில் மக்கள் பெருந்திரளாகக் கூடிப் பாடியே உரிமை கேட்டார்கள். அதனால்தான் அதற்குப் 'பாடும் புரட்சி' என்று பெயர். ஆகவே ஒரு பள்ளியில் பாட்டு வகுப்பைக் காட்டினால், பொழுதுபோக்கு என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள்.

கணினியையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே பாருங்கள். பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டு சென்ற 'புலிப் பாய்ச்சல்' திட்டத்தை 1996இல் அறிவித்தார்கள். விடுதலை மீண்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அது பணக்கார நாடும் அல்ல.

இனி, கொஞ்சம் கடினமான பகுதி. அந்த நாட்டில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி ரஷ்யன். எல்லையோர நகரமான நார்வாவில் பெரும்பாலோர் பேசுவது அதைத்தான். அவர்களுக்கு ரஷ்ய வழிப் பள்ளிகள் இருந்துவந்தன. 2024 செப்டம்பரில் 1ஆம் வகுப்பிலும் 4ஆம் வகுப்பிலும் தொடங்கி, எல்லாப் பள்ளிகளையும் படிப்படியாக எஸ்டோனிய வழிக்கு மாற்றுகிறார்கள். தம் மொழியைக் காக்கப் போராடியவர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்று திகைத்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நிலையும் ஆசிரியர்களான நமக்குப் புரிய வேண்டும். அங்கே போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அந்தக் குழந்தைக்கு முதல் மாதம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அந்த ஆசிரியரிடம் கேளுங்கள். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் கேட்கத் தகுந்த கேள்வி அது.

அவர்களும் நம்மைக் கேட்பார்கள். நம் மாநிலத்தில் தெலுங்கு, கன்னட, மலையாள, உருது வழிப் பள்ளிகள் இருப்பதைச் சொல்லுங்கள். வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு நம் அரசுப் பள்ளிகளில் படிப்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு நாம் முதல் மாதம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்விக்கு உங்கள் பள்ளியின் விடையை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பயணப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கும் விடையை அதன் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.

வணக்கம் சொல்ல அவர்கள் மொழியில் 'தெரே' என்றால் போதும். பயணம் இனிதாகட்டும்.